இடி முழக்கியவர்கள்

கலை உலகத்துக்கு நான் முதன்முதலில் செய்த தொண்டு, ஒரு தகரத்தைப் பிடித்து ஆட்டியதுதான்.

சிறு வயதில் எங்கள் ஊருக்கு ஒரு நாடகக் கம்பெனி வந்து கொட்டகை போட்டிருந்தது. டிக்கெட்டுக்குக் காசு இல்லாத பையன்கள் கொட்டகையின் பின்பக்கமே சுற்றிக் கொண்டிருப்போம். தண்ணீர் கொண்டு வா, வெற்றிலை வாங்கி வா என்று யாராவது வேலை சொல்வார்கள். அதுவே எங்களுக்கு அநுமதிச் சீட்டு. அன்று 'அரிச்சந்திரா.' மயான காண்டத்தில் இடியும் மழையும் உண்டு. இடி முழக்குகிற ஆசாமிக்குக் காய்ச்சல். நாடக வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, கயிற்றில் தொங்கிய ஒரு பெரிய தகரத் தகட்டைக் காட்டினார்.

"டேய், எதிர்ப்பக்கம் நான் நிற்பேன். துண்டை உதறினால் ஆட்டு. இல்லாவிட்டால் தொடாதே!"

மயானக் காட்சி வந்தது. சந்திரமதி மகனை மடியில் கிடத்திக்கொண்டு உருகி உருகிப் பாடிக் கொண்டிருந்தாள். கொட்டகையில் பாதிப் பேர் மூக்கைச் சிந்திக் கொண்டிருந்தார்கள். வாத்தியார் வேர்வையைத் துடைப்பதற்காகத் துண்டை எடுத்து ஓர் உதறு உதறினார். நான் என் பலத்தையெல்லாம் காட்டித் தகரத்தை ஆட்டினேன்.

சந்திரமதியின் பாட்டு இடியில் அமுங்கிப் போயிற்று. அழுது கொண்டிருந்த ஜனங்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குக் கிடைத்த வெகுமதியை என் இடது காது இன்றும் மறக்கவில்லை.

திண்ணையில் போர்த்திப் படுத்திருந்த அந்தக் காய்ச்சல்காரர் மட்டும் என்னைத் திட்டவில்லை. "தம்பி, இடி முழக்கறது பெரிசில்லே. எப்போ நிறுத்தணும்னு தெரியறதுதான் பெரிசு" என்றார். அவருடைய பெயரை நான் கேட்டுக் கொள்ளவில்லை. நோட்டீஸில் ராஜபார்ட் பெயர் இருந்தது. ஸ்திரீபார்ட் பெயர் இருந்தது. ஹார்மோனியக்காரர் பெயர்கூட இருந்தது. தகரக்காரர் பெயர் இல்லை.

பிற்பாடு உலக நாடக மேடைகளின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நான் தேடியது இந்தத் தகரக்காரரின் ஜாதிக்காரர்களைத்தான். அவர்கள் மிகப் பழைய பரம்பரை. கிரேக்கர்களின் மேடைக்குப் பின்னால் கூழாங்கற்களையும் வெண்கலத்தையும் மோதவிட்டு இடி உண்டாக்கினார்கள். இடியை விட்டெறிந்த தேவனின் பெயர் எல்லாருக்கும் தெரியும். கல்லைக் கொட்டிய மனிதனின் பெயர் யாருக்குத் தெரியும்?

சத்தம் செய்கிற வேலையில் ஆபத்தும் உண்டு. 1613-ம் வருஷம் ஜூன் 29-ந் தேதி லண்டனில் ஷேக்ஸ்பியரின் கம்பெனி குளோப் நாடகசாலையில் எட்டாம் ஹென்றி மன்னனைப் பற்றிய நாடகத்தை நடத்திக் கொண்டிருந்தது. ராஜா வருகிற இடத்தில் பீரங்கி வெடிக்க வேண்டும். வெடித்தார்கள். பீரங்கியிலிருந்து பறந்த நெருப்பு கூரையின் வைக்கோலில் போய் விழுந்தது. நாடகசாலை முழுவதும் சாம்பலாயிற்று. உயிர்ச் சேதம் இல்லை. ஒருவருடைய கால்சட்டையில் நெருப்புப் பிடித்ததென்றும், கையிலிருந்த பீரை ஊற்றி அணைத்துக் கொண்டாரென்றும் அந்தக் காலத்துக் கடிதம் ஒன்று சொல்லுகிறது. என் தகரத்தால் ஒரு பாட்டுத்தான் கெட்டது என்று நினைத்து நான் சமாதானம் அடைந்தது இதைப் படித்த அன்றுதான்.

சுமார் நூறு வருஷம் கழித்து, 1709-ல், அதே லண்டனில் ஜான் டென்னிஸ் என்பவர் ஒரு சோக நாடகம் எழுதினார். அதற்காக இடி முழக்கப் புது வழி ஒன்றையும் கண்டுபிடித்தார். நாடகம் சில நாட்களிலேயே படுத்துவிட்டது. பிறகு அதே டிரூரி லேன் நாடகசாலையில் 'மாக்பெத்' பார்க்கப் போனவர், மேடையில் முழங்கியது தம்முடைய இடியே என்று கண்டு கொண்டாராம். "என் நாடகத்தை ஓடவிட மாட்டார்கள்; என் இடியை மட்டும் திருடிக் கொள்வார்கள்!" என்ற கருத்தில் அவர் கூச்சல் போட்டதாகக் கதை. பிறர் புகழை அபகரிப்பதற்கு, இடியைத் திருடுவது என்று இங்கிலீஷில் ஒரு வழக்கே ஏற்பட்டுவிட்டது. டென்னிஸின் நாடகத்தை இன்று படிப்பார் இல்லை. இடியினால் அவர் பெயர் நிற்கிறது. ஆனால் அதுகூட அவர் ஆசிரியராக இருந்ததனால்தான். அன்று அந்த இடியை முழக்கிய கூலியாள் வந்து புகார் சொல்லியிருந்தால் யார் எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்?

1766-ல் இரண்டு நாடகசாலைகள் திறக்கப்பட்டன. இரண்டும் இன்றும் இருக்கின்றன. ஒன்று இங்கிலாந்தில் பிரிஸ்டலில். அதன் கூரைக்கு உள்ளே, ஜனங்களின் தலைக்கு மேலே, சாய்வாக மரக் கால்வாய் அமைத்திருக்கிறார்கள். கனமான குண்டுகளை அதில் உருட்டிவிட்டால் இடி தலைக்கு மேல் ஓடும். மற்றொன்று ஸ்வீடனில், ஸ்டாக்ஹோமுக்கு அருகே டிராட்னிங்ஹோம் அரண்மனையில். அங்கே கற்கள் நிறைந்த மரப் பெட்டியைக் கயிற்றால் ஆட்டி இடி உண்டாக்குவார்கள். துணி போர்த்திய மர உருளையைச் சுழற்றிக் காற்றை ஊளையிடச் செய்வார்கள். 1792-ல் மூன்றாம் குஸ்டாவ் மன்னர் கொலையுண்டபின் அந்த நாடகசாலை மௌனமாகிவிட்டது. 1921-ல் ஆக்னே பெய்யர் என்ற ஆராய்ச்சியாளர் உள்ளே நுழைந்து பார்த்தபோது, நூற்றிருபது வருஷத்துக்கு மேல் தூங்கிய கருவிகள் அப்படியே இருந்தன. மறு வருஷமே மீண்டும் நாடகம் நடந்தது.

இதுவரை இடி என்றால் இடி, மழை என்றால் மழை. சத்தத்துக்கும் மனம் உண்டு என்று காட்டியது ருஷியா. மாஸ்கோவில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி தவளை, சில்வண்டு, நாய், பறவை எல்லாவற்றையும் மேடைக்குப் பின்னாலிருந்து கத்த வைத்தார். செக்காவுக்கு அது பிடிக்கவில்லை, கேலி செய்தார். ஆனால் 1904-ல் மேடையேறிய 'செர்ரித் தோட்டம்' நாடகத்தில் அவரே ஒரு சத்தத்தை வைத்தார். தூரத்தில், ஆகாயத்திலிருந்து வருவது போல, வாத்தியத்தின் தந்தி அறுந்தாற்போல ஓர் ஓசை. சோகமாகத் தேய்ந்து போகிறது. அது என்ன? சுரங்கத்தில் வாளி அறுந்து விழுந்தது என்கிறான் ஒருவன். நாரையாக இருக்கும் என்கிறான் இன்னொருவன். ஆந்தை என்கிறான் மூன்றாமவன். பாத்திரங்களுக்கே விளங்காத சத்தத்தைத் தகரக்காரன் செய்ய வேண்டும்! இதற்குத் தகரத்தை ஆட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. நாடகத்தைப் படித்திருக்க வேண்டும். அழிந்து கொண்டிருக்கும் ஒரு குடும்பத்துக்காக மனசு நோக வேண்டும்.

கிராமபோன் தட்டும், டேப்பும், ஒலிபெருக்கியும் வந்தபின் வேலை மாறியது. நம் எஸ். ஜி. கிட்டப்பா மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடியவர். எல்லாருக்கும் அந்த வரம் கிடையாது. இன்று நடிகரின் தலைமயிருக்குள் மைக்கை ஒளித்து வைக்கிறார்கள். அதில் ஒரு சிக்கல். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு நடிகரின் குரல் விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்தே எட்டும். பக்கத்து ஒலிபெருக்கியோ அதற்கு முன்பே பேசிவிடும். ஆகையால் அதைக் கணக்காகத் தாமதிக்க வைக்கிறார்கள். அப்போதுதான் குரல் சுவரிலிருந்து வராமல், நடிகரின் வாயிலிருந்து வருவதாக நம் காது நம்பும்.

1968-69-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவின் அமெரிக்கன் கன்ஸர்வேட்டரி தியேட்டர், டான் டூகன் என்பவருக்கு ஒலி வடிவமைப்பாளர் என்ற பட்டத்தைக் கொடுத்தது. அமெரிக்க நாடக உலகில் அந்தப் பட்டம் முதலில் அவருக்குத்தான் கிடைத்தது என்பார்கள். தகரக்காரர் கடைசியில் நோட்டீஸில் ஏறிவிட்டார்!

ஆனால் ஏறிய இடத்தில் நிலைப்பது சுலபமாக இல்லை. நியூயார்க் பிராட்வே நாடகங்களுக்கு அளிக்கும் டோனி பரிசில், ஒலி வடிவமைப்பு 2008-ல்தான் இடம் பெற்றது. 2014-ல் அந்தப் பரிசை எடுத்துவிட்டார்கள். வோட்டுப் போடுகிறவர்களில் பலருக்கு ஒலியை எப்படி மதிப்பிடுவது என்று தெரியவில்லையாம். அது கலையா, வெறும் யந்திர வேலையா என்றும் சந்தேகமாம். ஆயிரக்கணக்கான பேர் கையெழுத்திட்டு மன்றாடினார்கள். இதற்கிடையில் 'தி என்கவுன்ட்டர்' என்று ஒரு நாடகம் வந்தது. மேடையில் ஒரே நடிகர். ஒவ்வொரு பார்வையாளர் காதிலும் ஒலிக் கருவி. மனிதத் தலை போன்ற மைக்கின் காதருகே நடிகர் முணுமுணுத்தால், நம் காதிலேயே மூச்சுப் படுவது போல் இருக்கும். அமேஸான் காடே நாற்காலியைச் சூழ்ந்து கொள்ளும். இதன் ஒலியை அமைத்த காரெத் ஃபிரை, பீட் மால்கின் இருவருக்கும் 2017-ல் தனி டோனி விருது கொடுக்க வேண்டியதாயிற்று. பரிசு இல்லாத கலைக்குப் பரிசு! அதே வருஷம் பழைய பரிசைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். 2018-ல் மறுபடியும் வழங்கினார்கள்.

மதிப்பிடத் தெரியவில்லை என்று சொன்னவர்களை நான் பரிகசிக்க மாட்டேன். அவர்கள் சொன்னது ஒரு விதத்தில் உண்மை. ஒலி சரியாக அமைந்தால் அது நம் கவனத்துக்கே வராது. சந்திரமதி அழுதாள், நாமும் அழுதோம் என்றுதான் வீடு திரும்புவோம். தப்பாக அமைந்தால்தான் தகரம் இருப்பது தெரியும். என்னுடைய இடியை அன்று ஊரே கேட்டது. அந்தக் காய்ச்சல்காரர் அதற்கு முன் எத்தனையோ இரவுகள் முழக்கிய இடியை ஒருவரும் கேட்கவில்லை. மழை வருகிறது என்றே நினைத்தார்கள்.

அவர் பெயரை அன்றே கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.