தாம்பரம்: மருத்துவமும் குடிமைச் சேவைகளும்

தாம்பரம், சென்னைப் பெருநகரின் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையும் செங்கல்பட்டு நோக்கிச் செல்லும் ரயில் பாதையும் இணையாக ஓடும் வழியில் அமைந்த மாநகராட்சியாகும். 1964இல் நகராட்சியான இவ்வூர், 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய பேரூராட்சிகளையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு 70 வார்டுகள் கொண்ட மாநகராட்சியாக உயர்ந்தது. நாடறிந்த மருத்துவ நிறுவனங்கள் இங்கே நெடுங்காலமாக இருந்துவந்தபோதிலும், அவற்றுள் பெரும்பாலானவை உள்ளூர் மக்களுக்கென்று தோன்றியவை அல்ல. நகரம் தன் நடுவில் வைத்துக்கொள்ளத் தயங்கிய நோய்களுக்கும் தொழில்களுக்கும் இடம் தந்த புறநகராகவே இப்பகுதி முதலில் அறியப்பட்டது என்பதை மனத்திற் கொண்டால்தான் இதன் சுகாதார வரலாறு விளங்கும்.

அவ்வரலாறு பச்சைமலை அடிவாரத்தில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோய் நிலையம் நடத்தியவரும், அங்கே 1917இல் கணித மேதை இராமானுசனுக்குச் சிகிச்சை அளித்தவருமான மருத்துவர் சௌரி முத்து, 1928இல் 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியத்தை இங்கே நிறுவினார். மருந்துகளால் காசநோயைத் தீர்க்க இயலாத அக்காலத்தில், நோயாளியை நெரிசலிலிருந்து அகற்றி, தூய காற்று, வெயில், ஓய்வு, சத்துணவு ஆகியவற்றால் உடலைத் தேற்ற முயலும் நிலையமே சானடோரியம் எனப்பட்டது. அதற்கு வேண்டிய பரந்த வெளியும் நகரிலிருந்து போதிய தொலைவும் தாம்பரத்தில் அன்று ஒருங்கே கிடைத்தன. 1937இல் சென்னை மாகாண அரசு இதனை ஏற்றுக்கொண்டது. ரயில் நிலையத்துக்கே 'தாம்பரம் சானடோரியம்' என்று பெயர் அமையும் அளவுக்கு அது வளர்ந்து, 700க்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட அரசு நெஞ்சக மருத்துவமனையாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காசநோய்க்குப் பயன்தரும் மருந்துகள் வந்தன. முறையாக மருந்து உட்கொள்ளும் நோயாளி வீட்டிலிருந்தபடியே குணமடைய முடியும் என்பதை, 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தின் ஆய்வு மெய்ப்பித்தபின், சானடோரியம் என்னும் ஏற்பாட்டுக்கு இருந்த மருத்துவக் காரணம் உலகெங்கும் தளர்ந்தது. எனினும் தாம்பரம் மருத்துவமனையின் தேவை குறையவில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகச் சென்னையில் 1986இல் கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து, உடலின் எதிர்ப்பாற்றல் குன்றுவதால் காசநோய்க்கு ஆளாகும் எச்.ஐ.வி. நோயாளிகள் 1990களில் இங்கே வரலாயினர். பிற இடங்களில் புறக்கணிக்கப்பட்ட அவர்களுக்கு, ஆந்திரத்திலிருந்து வந்தவர்கள் உட்பட, படுக்கை தந்து நாட்டின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களுள் ஒன்றாக இது விளங்கியது. வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையை 2004 ஏப்ரலில் நடுவண் அரசு இலவசமாக வழங்கத் தொடங்கியபோது தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மையங்களில் தாம்பரமும் இருந்தது. இந்திய மருத்துவ வரலாற்றில் இதற்குரிய இடம் இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை.

சானடோரியத்தையொட்டிய மற்றொரு நிறுவனம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். 2005 செப்டம்பரில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்த இதன் மருத்துவமனை, சித்த மருத்துவரும் தமிழ்ப் பௌத்தச் சிந்தனையாளருமான அயோத்திதாசப் பண்டிதரின் பெயரைத் தாங்கியுள்ளது. பட்ட மேற்படிப்பும் ஆய்வும் இதன் முதன்மைப் பணிகள் என்றாலும், மூட்டுவலி, தோல்நோய் போன்ற நாட்பட்ட துன்பங்களோடு வருவோரின் புறநோயாளர் வரிசையே இதனைப் பொதுமக்களோடு நெருக்கமாக்கியது.

காய்ச்சல், பிரசவம், விபத்து போன்ற அன்றாடத் தேவைகளின் நிலை வேறு. சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், விமானப்படைத் தளமும், 1984இல் அமைந்த மெப்ஸ் ஏற்றுமதி வளாகமும், பின்னர் பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி நிறுவனங்களும் குடியேற்றத்தைப் பெருக்கின. 2011 கணக்கெடுப்பில் பல்லாவரத்தின் மக்கள்தொகை மட்டுமே 2 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இத்தனை பேருக்கும் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையே நெடுங்காலம் பொது மருத்துவத்தின் முதன்மைப் புகலிடமாக இருந்தது. இடைவெளியை 1982இல் தொடங்கிய இந்து மிஷன் மருத்துவமனை போன்ற அறக்கட்டளை நிறுவனங்களும் ஏராளமான தனியார் மருத்துவமனைகளும் நிரப்பின; ஆனால் தனியார் சிகிச்சையின் செலவு அதனை எல்லார்க்கும் உரியதாக்கவில்லை. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு மாவட்டம் உருவானபின், செங்கல்பட்டிலுள்ள மருத்துவமனை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்ததாக இருந்தமையால், மாவட்டத் தலைமை மருத்துவமனை என்னும் தகுதி தாம்பரத்துக்கு வந்தது. அதற்குரிய பெரிய கட்டடம் 2025இல் சானடோரியம் வளாகத்திலேயே திறக்கப்பட்டது. நகரின் நோயாளிகளைத் தொலைவில் வைப்பதற்கென ஒதுக்கப்பட்ட நிலம், ஒரு நூற்றாண்டு நெருங்கும் வேளையில், சுற்றியுள்ள குடிமக்களின் பொது மருத்துவத்துக்குப் பயன்படலாயிற்று.

மருத்துவமனைகளால் மட்டும் மக்கள் நலம் காக்கப்படுவதில்லை. குடிநீர், கழிவுநீர் அகற்றல், தொற்றுநோய்த் தடுப்பு ஆகியவற்றை உள்ளாட்சிகளின் சட்டக் கடமையாக்கிய 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தியாவில் இவ்வகையில் முன்னோடியாகும். அக்கடமை நிறைவேறுவது எளிதாயிருக்கவில்லை என்பதற்குப் பல்லாவரம் வட்டாரமே சான்று. தோலைப் பதப்படுத்தக் குரோமிய உப்புகளைப் பயன்படுத்திய நிறுவனத்தின் பெயரால் குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயரே பிறந்தது. பல்லாவரத்திலும் நாகல்கேணியிலும் பெருகிய தோல் தொழிற்கூடங்களின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. அத்தொழிற்கூடங்களின் கழிவுநீரை ஓரிடத்தில் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது நிலையம் பின்னர் அமைந்தது. அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்கூடங்கள் குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. ஆனால் கெட்டுப்போன கிணறு தீர்ப்பினால் மட்டும் தெளிந்துவிடாது. பாலாற்றுப் படுகையிலிருந்து வரும் குழாய் நீரையும், தண்ணீர் லாரியையும், கேன் தண்ணீரையும் மக்கள் நம்பியிருப்பதற்கு நிலத்தடி நீரின் இச்சீர்கேடும் ஒரு காரணம்.

பாதாளச் சாக்கடை, அதாவது வீட்டுக் கழிவுநீரை மூடிய குழாய்களின் வழியே சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுசெல்லும் அமைப்பு, இணைந்த ஊர்களில் சிலவற்றுக்கே முன்னதாகக் கிடைத்தது. ஏனையவற்றில் வீடுதோறும் கழிவுநீர்த் தொட்டியும், அதனை உறிஞ்சி அகற்றும் லாரியுமே வழக்கம். தொட்டி நிரம்பி வழியும்போது அது மழைநீர் வடிகாலிலும் ஏரியிலும் சென்று சேர்கிறது. பல்லாவரம் பெரிய ஏரி ஆண்டுக்கணக்கில் குப்பை கொட்டும் இடமாக இருந்தது. சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகள் குடியிருப்போரின் விடாமுயற்சியாலும் அரசு, தன்னார்வ அமைப்புகளின் செலவாலும் சீரமைக்கப்பட்டன.

நீர்வழிகள் சுருங்கியதன் விளைவு 2015 டிசம்பர் 1ஆம் நாள் மழையில் வெளிப்பட்டது. மறுநாள் காலைவரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று, அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் குடியிருப்புகள் நீரில் மூழ்கின. அதன்பின் இவ்வட்டாரத்தில் மூடு வடிகால்களும் ஆற்றை அகலப்படுத்தும் பணிகளும் நடைபெற்றன. வெள்ளம் வடிந்தபின் வயிற்றுப்போக்கு, எலிக்காய்ச்சல், டெங்கு ஆகியவை பரவாமல் தடுப்பது சுகாதாரப் பணியாளர்களின் பொறுப்பாகிறது. கிணறுகளுக்குக் குளோரின் இடுவது முதல் வீடு வீடாகக் கொசுப்புழு தேடுவது வரை அவர்கள் ஆற்றும் பணி மருத்துவமனைக் கட்டடங்களைப்போல் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அண்மைக்காலத்தில், நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளின் இல்லத்துக்கே மருந்து கொண்டுசெல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதலும், நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் 2023 முதலும் தமிழகமெங்கும் செயல்பட்டு வருகின்றன. ஆயினும் 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் பலர் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் பாதிக்கப்பட்டு, சிலர் உயிரிழந்தபோது, குடிநீரில் கழிவுநீர் கலந்ததா என்னும் கேள்வி எழுந்தது. குடியிருப்போர் குழாய் நீரையே காரணமாகக் கூறினர். அரசுத் தரப்பு அதனை மறுத்தது. மாநகராட்சி வார்டுகளும் படைமுகாம் குடியிருப்பு வாரியத்தின் தெருக்களும் அடுத்தடுத்து அமைந்த அவ்விடத்தில், நீர் மாதிரிகள் எடுக்கப்பட்டு, குழாய் விநியோகம் நிறுத்தப்பட்டு, லாரிகளில் குடிநீர் வழங்கப்பட்டது.