மால்கம் ஆதிசேஷையாவின் ஐந்தொகை



சென்ற மாதம் வானொலியில் நான் பேசியதை எழுத்தில் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். அந்தப் பேச்சுக்குக் காரணம் ஒரு கணக்குப் புத்தகம். சில வருடங்களுக்கு முன் ஒக்லாந்தில் ஒரு சிறிய சங்கம் மூடப்பட்டபோது, அதன் கடைசிக் கணக்கை எழுதிக் கொடுத்தவன் நான். பெயர் வேண்டாம். தொடங்கியவர் நல்ல மனிதர். சொந்தக் காசில் கதிரை வாங்கினார், மண்டப வாடகை கட்டினார், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகங்கள் தருவித்தார். அவர் காலமானதும் வங்கியில் கையொப்பமிட வேறு ஆள் இருக்கவில்லை. எது அவருடைய காசு, எது சங்கத்துக் காசு என்று அவருடைய மகனுக்கும் தெரியவில்லை. ஒன்றரை வருடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தக் கோப்பை மூடிவைத்த இரவில் எனக்கு நினைவுக்கு வந்தவர் மால்கம் ஆதிசேஷையா. இவரும் தன் காசில் ஒன்றைத் தொடங்கியவர்தான். ஆனால் அது இன்னும் நடக்கிறது.

ஆதிசேஷையா 1910 இல் வேலூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர் ஊரிசுக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். மகன் சென்னையில் லயோலாக் கல்லூரியிலும், பின்னர் லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் பொருளியல் படித்தார். 1930களில் கல்கத்தாவில் ஒரு கல்லூரியில் கற்பித்தார். 1940 முதல் 1946 வரை தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராக இருந்தார்.

அடுத்து அவர் போன இடம் எங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு ஜெனீவாவுக்குச் சென்று, யுத்தத்தால் படிப்பிழந்து சிதறிய மாணவர்களுக்கு உதவிய அமைப்பில் இரண்டு வருடம் வேலை செய்தார். அந்த அமைப்பே பின்னர் உலகப் பல்கலைக்கழக சேவை என்று அறியப்பட்டது. இடம்பெயர்ந்த பிள்ளைக்கு முதலில் வேண்டியது என்ன என்பதை அவர் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை.

1948 இல் பாரிசிலுள்ள யுனெஸ்கோவில் சேர்ந்தார். அதே 1948-49 இல் அங்கே உதவிப் பணிப்பாளர் நாயகமாக இருந்தவர் எங்கள் நியூசிலாந்தின் கல்விப் பணிப்பாளர் சி. ஈ. பீபி. இந்நாட்டுப் பாடசாலைகள் இன்றிருக்கும் முறைக்கு அடித்தளமிட்டவர்களில் முக்கியமானவர். வேலூர்க்காரரும் நியூசிலாந்துக்காரரும் ஒரே காலத்தில் ஒரே நிறுவனத்தில் இருந்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம்.

ஆதிசேஷையா யுனெஸ்கோவின் தொழில்நுட்ப உதவிப் பிரிவை நடத்தினார். 1963 இல் பிரதிப் பணிப்பாளர் நாயகமாகி, 1970 வரை அப்பதவியில் இருந்தார். அக்காலத்தில், 1967 இல், ‘யுனெஸ்கோ கூரியர்’ தமிழிலும் வெளிவரத் தொடங்கியது. எங்கள் பாடசாலை நூலகத்தில் அதன் பழைய இதழ்களைப் புரட்டியது எனக்கு நினைவிருக்கிறது. உலகத்தைப் பற்றித் தமிழில் இப்படியும் எழுதலாமா என்று வியந்த வயது அது.

இனி 1971 க்கு வருவோம். அறுபது வயது. ஐரோப்பாவிலேயே தங்கி வசதியாக ஓய்வெடுத்திருக்கலாம். அவர் சென்னைக்குத் திரும்பி, மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து, தன் சேமிப்பைப் போட்டு, அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார்.

அந்த நிறுவனம் என்ன செய்தது என்பதற்கு ஓர் உதாரணம். 1916 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களின் நிலம், கூலி, கடன் எல்லாவற்றையும் கணக்கெடுத்தார். அவற்றுள் ஒன்று தென்னார்க்காட்டு இருவேல்பட்டு. 1980களின் தொடக்கத்தில், இந்த நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குகன் அதே ஊருக்குத் திரும்பிப் போய், ஜோன் மென்ச்சருடன் சேர்ந்து மறுபடியும் ஆராய்ந்தார். அறுபத்தைந்து வருடத்தில் யார் கையிலிருந்த காணி யார் கைக்குப் போனது என்று ஒப்பிட முடிந்தது. ஒரு தனி மனிதனின் ஆயுளுக்குள் இதைச் செய்வது கடினம். அதற்கு நிறுவனம் வேண்டும், பழைய ஏடுகளைப் பாதுகாக்கும் நூலகம் வேண்டும்.

1975 முதல் 1978 வரை ஆதிசேஷையா சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தையும் பரீட்சையையும் தாங்களே நடத்தும் தன்னாட்சி முறை, 1978 இல் லயோலா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி முதலிய சில கல்லூரிகளுக்குக் கிடைத்தது. 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தார். 1994 இல் காலமானார்.

இனிக் கணக்காளனாக ஒரு வார்த்தை. வீடு, நூலகம், தளபாடம் எல்லாம் மூலதனச் செலவு. இவற்றை ஒரு கொடையாளி ஒருமுறை கொடுத்துவிடலாம். ஆனால் சம்பளமும் மின்சாரமும் வருடா வருடம் வரும் செலவு. எவ்வளவு பெரிய சேமிப்பும் அதில் கரைந்துவிடும். நல்ல மனத்தோடு தொடங்கிய பல காரியங்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

1977 இல் அந்த நிறுவனம் மாற்றியமைக்கப்பட்டது. இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றமும் தமிழ்நாடு அரசும் நிதி வழங்கும் தேசிய நிறுவனம் ஆனது. பொருளியலாளர் சி. டி. குரியன் இயக்குநராக வந்து அதை நடத்தினார். அதாவது, தொடங்கி ஆறே வருடத்தில், தொடங்கியவர் உயிரோடும் பலத்தோடும் இருக்கும்போதே, அது அவருடைய தனிச் சொத்தாக இல்லாமற்போயிற்று. அவருடைய ஐந்தொகையில் சொத்துப் பக்கம் குறைந்தது. ஆனால் நிறுவனம் நிலைத்தது. அவரும் மனைவியும் பெயர் கொடுத்த அறக்கட்டளை, வளர்ச்சித்துறை அறிஞர்களுக்கு விருது வழங்கி வந்திருக்கிறது.

பேச்சைக் கேட்ட ஒரு ஐயா தொலைபேசியில் சொன்னார்: “தம்பி, அவருக்குத் திரும்பிப் போக ஒரு ஊர் இருந்தது. எங்களுக்கு?” நியாயமான கேள்வி. அகதியாக வந்தவர்களின் நிலை வேறு. எங்கள் சேமிப்பு பாரிசு உத்தியோகத்தின் ஓய்வூதியமும் அல்ல, இரவு வேலையிலும் துப்புரவு வேலையிலும் சேர்த்த காசு. ஆனால் அவரிடம் படிக்க வேண்டியது தொகையை அல்ல, ஒழுங்கைத்தான் என்று ஐயாவுக்குச் சொன்னேன். அந்த ஒழுங்குக்கு ஊர் தேவையில்லை. சங்கத்துக் காசை வேறாக வைப்பதும், எழுதிய யாப்பு வைத்திருப்பதும், இரண்டு மூன்று பேருக்குக் கையொப்ப உரிமை கொடுப்பதும் மவுண்ட் ரொஸ்கிலிலும் முடியும்.

இந்நாட்டுச் சட்டமும் உதவி செய்கிறது. அங்கீகாரம் பெற்ற அறப்பணி நிறுவனத்துக்கு நீங்கள் கொடுக்கும் நன்கொடையில் மூன்றில் ஒரு பங்கை, பற்றுச்சீட்டைக் காட்டி வரித் திணைக்களத்திடம் திரும்பப் பெறலாம். உங்கள் வரிவிதிப்புக்குரிய வருமானத்துக்கு மேற்படாதிருந்தால் சரி. பலர் பற்றுச்சீட்டை எறிந்துவிடுகிறார்கள். எறியாதீர்கள். திரும்பி வரும் காசை மறுபடி தமிழ்ப் பள்ளிக்கே கொடுக்கலாம்.

கடைசியாக என் குறையையும் சொல்லிவிடுகிறேன். பதினொரு வருடமாக எமது வானொலிக் குழுவின் பொருளாளர் நான்தான். இந்தக் கட்டுரையை எழுதும்போதுதான் யோசித்துப் பார்த்தேன். வங்கிக் கணக்கின் கடவுச்சொல் எனக்கு மட்டுமே தெரியும். வருடாந்த அறிக்கை என் வீட்டுக் கணினியில் மட்டுமே இருக்கிறது. நாளைக்கு எனக்கு ஒன்று நடந்தால், மேலே சொன்ன சங்கத்தின் கதைதான் எமக்கும். மற்றவர் கணக்கில் கண்ட பிழை என் மேசையிலேயே இருந்திருக்கிறது.

ஆகவே வரும் பொதுக்கூட்டத்தில் நான் பொறுப்பை ஒப்படைக்கிறேன். இந்நாட்டில் படித்து வளர்ந்த பிள்ளைகளில் இரண்டு பேர் முன்வாருங்கள். தமிழில் எழுத்துப்பிழை வந்தால் பரவாயில்லை, கூட்டல் கழித்தல் சரியாக இருந்தால் போதும். ஒரு வருடம் பக்கத்தில் இருந்து சொல்லித் தருகிறேன். அதற்குப் பிறகு நான் வெறும் நேயர்.