மறைத்து வைத்த கட்டி: ஒரு தாமதத்தின் வரலாறு

மார்பில் கட்டி முற்றிப் போன பிறகு ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, எங்க டாக்டர்கள் வட்டாரத்தில் ஒரு வார்த்தை சட்டுனு வந்து விழும். "அலட்சியம்." கூட வரும் குடும்பத்தாரும் அதையேதான் சொல்வாங்க. "எத்தனை தடவை சொன்னோம் டாக்டர், கேட்டாதானே?"

எனக்கு அந்த வார்த்தை மேல் நம்பிக்கை இல்லை. ஏன்னு சொல்ல 2500 வருஷக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கு. த்ரெட் கொஞ்சம் நீளம்தான். டீயோ காபியோ கையில் எடுத்துக்கிட்டு உட்காருங்க.

பாரசீகப் பேரரசின் ராணி அட்டோசா. மாமன்னர் சைரஸின் மகள், டேரியஸின் மனைவி, பின்னாளில் அரசரான செர்க்சஸின் அம்மா. அன்றைய உலகத்தில் இவரைவிடச் செல்வாக்கான பெண் இருந்திருப்பாரா என்பதே சந்தேகம். இவருக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். சின்னதாக இருந்தவரை வெட்கப்பட்டு ஒருத்தரிடமும் சொல்லவில்லை. கட்டி உடைந்து புண் பரவ ஆரம்பித்த பிறகுதான் டெமோசிடிஸ் என்ற கிரேக்க வைத்தியரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

டெமோசிடிஸ் அதைக் குணப்படுத்திவிட்டார் என்றும் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். அதை வைத்துப் பார்த்தால், அது புற்றுநோயாக இல்லாமல் சீழ்க்கட்டியாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. நோயின் பெயர் எதுவாகவும் இருக்கட்டும். அரண்மனை இருக்கு, வைத்தியர்கள் இருக்காங்க, காசுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அவர் வாய் திறக்கவில்லை. இதை அலட்சியம்னு சொல்வீங்களா?

அடுத்து 1810, பாரிஸ். ஃபேனி பர்னி என்ற ஆங்கில நாவலாசிரியர், தன் பிரெஞ்சுக் கணவரோடு அங்கே வாழ்ந்துவந்தார். அந்த வருஷம் ஆகஸ்ட் மாதம் மார்பில் லேசான வலி. கணவர் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார், இவருக்கு அந்த நினைப்பே பிடிக்கவில்லை. கவனமாக, கதகதப்பாக வைத்துக்கொண்டால் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பினார். (நம்ம ஊரில் வெந்நீர் ஒத்தடமும் மஞ்சள் பத்தும் போடுறது ஞாபகத்துக்கு வருதா?)

ஒரு வருஷத்துக்கும் மேல் ஓடிவிட்டது. 1811 செப்டம்பர் 30 அன்று நெப்போலியனின் படை அறுவை மருத்துவர் லாரே, ஃபேனியின் வீட்டிலேயே வைத்து மார்பகத்தை அகற்றினார். கறுப்பு உடை போட்ட ஏழு ஆண்கள் அறைக்குள் வந்தார்கள். மயக்க மருந்து கிடையாது, அது வர இன்னும் 35 வருஷம் இருக்கு. கொஞ்சம் மதுவைக் குடிக்கக் கொடுத்து, முகத்தின் மேல் ஒரு மெல்லிய துணியைப் போட்டார்கள். அந்தத் துணி வழியாகக் கத்தியின் பளபளப்பு அவருக்குத் தெரிந்தது. 20 நிமிஷம். முழு நினைவோடு.

இதையெல்லாம் பின்னாளில் தன் அக்காவுக்குக் கடிதமாக எழுதினார். எழுதி முடிக்கவே மாதக்கணக்கில் ஆனது. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

அதன்பிறகு 28 வருஷம் வாழ்ந்து, 1840ல் 87 வயதில்தான் இறந்தார். ஆனால் 1810ல் அந்த ஊரில் எந்தப் பெண் டாக்டரிடம் போகத் தயங்கியிருந்தாலும், அந்தத் தயக்கத்துக்கு நியாயம் இருந்தது. போனால் என்ன நடக்கும் என்பது நோயைவிடப் பயங்கரமாக இருந்தது.

மயக்க மருந்து வந்ததும் பயம் போயிருக்கணும் இல்லையா? போகவில்லை. எங்க துறையின் பங்கு இங்கேதான் வருது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894ல் தன் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். மார்பகம், அதன் அடியில் இருக்கும் நெஞ்சுத் தசைகள், அக்குளில் இருக்கும் நெறிகள் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக எடுத்துவிடும் அறுவை. பெயர் ரேடிகல் மாஸ்டெக்டமி. அன்றைக்கு இருந்த முற்றிய கட்டிகளுக்கு அது பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் எலும்பு தெரியும் அளவுக்குக் குழிந்த நெஞ்சும், ஆயுசுக்கும் வீங்கிப்போன கையும் அதற்குப் பலர் கொடுத்த விலை. சின்னக் கட்டியோடு வந்தவர்களுக்கும் ஏறத்தாழ 80 வருஷம் இதேதான் நடந்தது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. கட்டி என்று வந்த பெண்ணுக்கு மயக்கம் கொடுப்பார்கள். அவர் மேசையில் மயக்கத்தில் இருக்கும்போதே கட்டியில் ஒரு துண்டை உறைய வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புற்றுநோய் என்றால் அப்போதே, அவரை எழுப்பிக் கேட்காமல், மார்பகத்தை எடுத்துவிடுவார்கள். தனக்கு என்ன நோய் என்பதைக் கண் விழித்த பிறகு நெஞ்சைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்ட பெண்கள் ஏராளம். படுக்கும்போது மார்பு இருக்கும், எழுந்திருக்கும்போது இருக்குமா தெரியாது. கையெழுத்து முன்னாடியே வாங்கியாச்சு.

இந்த நிலைமையை வைத்துக்கொண்டே, 1913ல் ஆரம்பித்த அமெரிக்கப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுச் சங்கம் "தாமதிக்காதே" என்று பத்திரிகைகளிலும் சுவரொட்டிகளிலும் பெண்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தது. 1938ல் பேக், கேலோ என்ற இரண்டு மருத்துவர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். தாமதத்துக்கு யார் குற்றவாளி என்பதே தலைப்பின் சாரம். நோயாளி 3 மாதத்துக்கு மேல் காத்திருந்தால் அது நோயாளியின் குற்றம் என்று கோடு போட்டார்கள். அந்த 3 மாதக் கணக்கு இன்றைக்கும் ஆய்வுகளில் உயிரோடு இருக்கு. அதே கட்டுரை டாக்டர் 1 மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டால் அது டாக்டரின் குற்றம் என்றும் சொன்னது. அந்தப் பாதியை நாங்க வசதியா மறந்துட்டோம்.

கோடு போட்டவர்கள் அளந்தது சரியான விஷயத்தைத்தான். 87 ஆய்வுகளைத் தொகுத்து 1999ல் லான்செட் இதழில் வந்த கட்டுரைப்படி, 3 மாதமோ அதற்கு மேலோ தாமதித்தவர்களில் 5 வருஷம் உயிரோடு இருந்தவர்கள், சீக்கிரம் வந்தவர்களைவிட 100க்கு 12 பேர் குறைவு. ஆக, தாமதம் கொல்லும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழியை யார் தலையில் போடுகிறோம் என்பதில்தான் சண்டை.

சுவரொட்டி செய்ய முடியாததை 1970களில் சில பெண்கள் செய்தார்கள். 1972ல் நடிகை ஷர்லி டெம்பிள் பிளாக், முதலில் பயாப்ஸி மட்டும், மிச்சத்தை நான் விழித்திருந்து முடிவு பண்றேன் என்று நின்றார். பிறகு அதைப் பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார்.

1974 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டு. வெள்ளை மாளிகைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தனக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல், செக்கப்புக்குப் போன தோழிக்குத் துணையாகப் போனவர், தானும் காட்டிவிட்டு வரலாம் என்று காட்டினார். கட்டி இருந்தது. அறுவை நடந்தது. பெரிய இடத்து நோய்களை மூடி மறைப்பதே வழக்கமாக இருந்த காலத்தில் அதிபர் மாளிகையே அதை அறிவித்தது. சில வாரங்களில், துணை அதிபராக நியமிக்கப்பட்டிருந்த ராக்ஃபெல்லரின் மனைவி தானே தடவிப் பார்த்துத் தன் கட்டியைக் கண்டுபிடித்தார். நாடு முழுக்கப் பெண்கள் பரிசோதனைக்கு வரிசையில் நின்றார்கள். புதிதாகக் கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கை வரைபடத்தில் 1974ல் ஒரு திடீர் மேடே இருக்கும். அதற்கு இன்றும் பெட்டி ஃபோர்டு பெயரைத்தான் சொல்வார்கள்.

ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர், அந்த மயக்கத்திலேயே முடிவெடுக்கும் பழக்கத்தை எதிர்த்துப் போராடினார். 1979ல் அமெரிக்க அரசின் வல்லுநர் குழு பயாப்ஸி தனி, அறுவை தனி என்று பரிந்துரைத்தது. அந்தக் குழுவில் குஷ்னரும் இருந்தார். இத்தாலியில் வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் செய்த ஆய்வுகள் 1981லும் 1985லும் வெளிவந்தன. சின்னக் கட்டி என்றால் அதை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுத்தாலே போதும், உயிர் பிழைப்பதில் வித்தியாசமில்லை என்று நிரூபணமானது. சீக்கிரம் போனால் மார்பகமும் மிஞ்சும் என்று ஒரு டாக்டர் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடிந்தது அப்போதிருந்துதான்.

நம்ம ஊருக்கு வருவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை சுந்தரம்மாள் 1923ல் புற்றுநோயால் இறந்தார். அது மலக்குடல் புற்றுநோய், ஆனால் சீதபேதி என்று நினைத்துத்தான் முதலில் வைத்தியம் நடந்தது. மருத்துவரின் வீட்டிலேயே இந்த நிலைமை. அந்த இழப்பிலிருந்து பிறந்த எண்ணம்தான் 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. 12 படுக்கைகளோடு.

டாக்டர் பக்கத்துத் தாமதம் என்று சொன்னேனே, அது இன்றும் இருக்கு. பால் கொடுக்கும் தாய்க்குக் கட்டி வந்தால் பால் கட்டியிருக்கும் என்று மாத்திரை எழுதி அனுப்புவது சர்வசாதாரணம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் இரண்டு வாரத்தில் கரையாத கட்டியை ஸ்கேன் பண்ணாமல் விடக்கூடாது. அப்படி விட்டால், அலட்சியம் என்ற வார்த்தை எங்களுக்குத்தான் பொருந்தும்.

2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஒரே வருஷத்தில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய், சுமார் 98,000 மரணங்கள். எண்ணிக்கையில் நம்ம நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் முதலிடம்.

இவங்க ஏன் தாமதிக்கிறாங்க? அட்டோசாவின் வெட்கம் அப்படியே இருக்கு. "லேடி டாக்டர் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. வலி இல்லாததும் ஒரு காரணம். புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, வலிக்காததை நோய் என்று நம்ப நம்ம மனசு தயாராக இல்லை. அப்புறம் வீடு. பொண்ணு கல்யாணம் முடியட்டும், பையன் பரீட்சை முடியட்டும், அறுவடை முடியட்டும். ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போச்சு, கூட வர ஆள் வேணும், அந்த ஆளின் கூலியும் போச்சு. புருஷனிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்டால் எதுக்குன்னு சொல்லணும்.

இங்கே மும்பையில் நடந்த ஒரு ஆய்வைச் சொல்லணும். 1998ல் டாட்டா மெமோரியல் மருத்துவமனை ஆரம்பித்தது. 35 முதல் 64 வயது வரை 1,51,538 பெண்கள். அவர்களில் ஒரு பாதிப் பகுதிகளுக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்களே போய் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதனை செய்தார்கள். மெஷின் இல்லை, மேமோகிராம் இல்லை. 2021ல் முடிவு வெளிவந்தது. நோய் முன்னதாகவே பிடிபட்டது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30% குறைந்தது. 50க்குக் கீழே மரணம் குறையவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிடறேன்.

"அப்போ நாங்களே தடவிப் பார்த்தா போதாதா டாக்டர்?" சீனாவின் ஷாங்காயில் ஆலைத் தொழிலாளிகளான சுமார் 2,66,000 பெண்களை வைத்துப் பார்த்தார்கள். சுயபரிசோதனை கற்றுக்கொடுத்ததால் மட்டும் மரணம் குறையவில்லை என்று 2002ல் தெரிந்தது. அதனால் மாதாமாதம் தேதி குறித்துப் பயந்து பயந்து தடவ வேண்டாம். குளிக்கும்போது, துணி மாற்றும்போது உங்க உடம்பின் வழக்கம் தெரிந்திருந்தால் போதும். புதுக் கட்டி, தோலில் குழி அல்லது ஆரஞ்சுத் தோல் மாதிரி தடிப்பு, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் ரத்தக் கசிவு, அக்குளில் நெறி என்று வழக்கத்துக்கு மாறாக எது இருந்தாலும் காட்டணும். வலி இருக்கா இல்லையா என்று பார்க்காதீங்க.

காட்டினால் என்ன நடக்கும் என்று தெரியாததுதான் பாதிப் பயம். சொல்றேன். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு நர்ஸ் கையாலேயே பார்ப்பார், இலவசம். சந்தேகம் இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார். அங்கே வயதைப் பொறுத்து அல்ட்ராசவுண்ட் அல்லது மேமோகிராம். தேவைப்பட்டால் மரத்துப்போக ஊசி போட்டு ஒரு தடித்த ஊசியால் துளி சதை எடுப்பார்கள். விழித்திருப்பீங்க, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், மார்பகத்துக்கு ஒன்றும் ஆகாது. ரிசல்ட் வர பெரும்பாலும் ஒரு வாரம், சில சமயம் கொஞ்சம் கூட. பரிசோதனைக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே இல்லை. புற்றுநோய்தான் என்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கிட்டு அடுத்த தடவை வாங்க. கூட ஒருத்தரையும் கூட்டிக்கிட்டு வாங்க, சொல்ற விவரம் அத்தனையும் அன்றைக்கு ஒருத்தர் காதிலேயே ஏறாது.