ஏற்காட்டுக் கணக்கு நோட்டும் இரண்டு மலிவு டிஸ்குகளும்

சேர்வராயன் மலையில் காபி வந்த கதையைத் தேடுகிறவர்கள் கடைசியில் போய் நிற்பது இரண்டு புத்தகங்களில்தான்: லெ ஃபானுவின் சேலம் மாவட்ட மேனுவல் (1883), ரிச்சர்ட்ஸின் கெஸட்டியர் (1918). 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்னைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் அச்சில் இருப்பதால், ஒரு நூலகத்தில் செல்லரித்தாலும் இன்னொன்றில் கிடைக்கும். தோட்டத்துக் கூலிக் கணக்கு நோட்டுக்கு அந்த வசதி கிடையாது. ஒரே பிரதி, அதுவும் மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்தது. நான் ஸ்கேன் செய்து சேர்ப்பது இவற்றைத்தான். எதில் சேமிப்பது என்று பார்க்கப்போய் ரெய்டின் வரலாற்றுக்குள் போய்விட்டேன்.

1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஐபிஎம் 3380 என்ற பெரிய டிஸ்கின் கொள்ளளவு 7.5 ஜிபி. பிசிக்கான கானர் டிஸ்க் வெறும் 100 எம்பி, ஆனால் மலிவு. 75 கானர்களைச் சேர்த்தால் கொள்ளளவு சரியாகிவிடும். ஆயுள்தான் சிக்கல். ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்றால், 100 டிஸ்க் சேர்ந்த இடத்தில் 300 மணிக்கு ஒன்று போகும். இரண்டு வாரம்கூட இல்லை! அதனால்தான் உபரிப் பிரதியோ பாரிட்டியோ வேண்டும் என்றார்கள். ரெய்டில் உள்ள 'ஐ' முதலில் 'இன்எக்ஸ்பென்சிவ்'. விலை உயர்ந்த பெட்டிகளை விற்ற கம்பெனிகளுக்கு அந்தச் சொல் உறுத்தியிருக்க வேண்டும், பிறகு 'இண்டிபெண்டன்ட்' ஆகிவிட்டது.

அந்த மலிவை நமக்குத் திருப்பிக் கொடுத்தது லினக்ஸ். கர்னலிலேயே எம்டி டிரைவர் இருக்கிறது, அதை இயக்கும் எம்டிஆட்மை நீல் பிரவுன் 2001இல் எழுதினார். தனி ரெய்டு கார்டு செத்தால் பெரும்பாலும் அதே வகை கார்டைத் தேடி அலையணும். எம்டி டிஸ்கை வேறொரு லினக்ஸ் மெஷினில் மாட்டினால் போதும். நான் வைத்திருப்பது ரெய்டு 1. இரண்டு சாதாரண டிஸ்க், வேறு வேறு கம்பெனி, ஏன்னா ஒரே பேட்ச் டிஸ்குகள் ஒன்றாகவே சாக வாய்ப்பு அதிகம். இடி மின்னலுக்கு யுபிஎஸ் தனி.

டிஸ்க் 'படிக்க முடியல' என்று சொன்னால் எம்டி மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒழுங்காகப் படித்து, வேறு வேறாகச் சொன்னால்? எது சரி என்று அதற்குத் தெரியாது. ரிப்பேர் கொடுத்தால் ஒன்றை எடுத்து மற்றதன் மேல் எழுதிவிடும், அவ்வளவுதான். சுவடி பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. பாடபேதம் தீர்க்க இரண்டு ஏட்டோடு நிற்கவில்லை, ஊர் ஊராகப் பிரதி தேடினார். என் ஸ்கேன்களுக்கு அந்த வேலையைச் செய்வது செக்சம். கோப்பு சேரும்போதே கணக்கிட்டுத் தனியாக எழுதி வைத்துவிடுகிறேன்.

ஆனால் இரண்டு டிஸ்கும் ஒரே பெட்டியில், ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின, அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் உண்டு. ரெய்டு தாங்குவது டிஸ்கின் சாவை மட்டும். தீயோ தவறி அடித்த டெலீட்டோ இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும்.

மூன்றாவது டிஸ்க் சேலத்தில், உறவினர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி அதைப் புதுப்பித்துவிட்டு வருகிறேன்.