ஆஸ்டியோசார்கோமா: ஒருமுறை ஏறி நின்றுபோன உயிர்வாழ்வு விகிதம்

எலும்பிலேயே தோன்றும் புற்றுகளில் பதின்பருவத்தினரை மிகுதியாகத் தாக்குவது ஆஸ்டியோசார்கோமா. எலும்பு விரைந்து வளரும் இடங்களில், பெரும்பாலும் முழங்காலை ஒட்டி, இது தோன்றுகிறது. வலியும் வீக்கமும் விளையாட்டில் பட்ட அடி என்று எண்ணப்படுவதால் நோயறிதல் அடிக்கடி தள்ளிப்போகிறது.

1970க்கு முன் சிகிச்சை என்பது பெரும்பாலும் காலை எடுப்பதுதான். கட்டி முழுவதும் நீங்கியும் ஏறத்தாழ ஐவரில் நால்வர் இறந்தனர். பெரும்பாலோருக்கு நோய் நுரையீரலில் தலைகாட்டியது. காலில் மட்டுமே கட்டி என்று எக்ஸ்ரே காட்டியபோதே, படத்தில் சிக்காத பரவல் நடந்து முடிந்திருந்தது என்பதே இதன் பொருள். அறுவையின் திறமை எவ்வளவு கூடினாலும் இந்த விகிதம் ஏறியிருக்காது.

1970களின் தொடக்கத்தில் நார்மன் ஜாஃபி முதலிய அமெரிக்க மருத்துவர்கள் மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோதெரபி மருந்தைப் பேரளவில் செலுத்தி, அதன் நச்சுத்தன்மையை லியூகோவொரினால் முறித்தனர். டாக்சோரூபிசினும் பயன்பாட்டுக்கு வந்தது. கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் 1977இல், 18 வயதில், இந்நோயால் வலது காலை இழந்தபோது, பிழைக்கும் வாய்ப்பு ஐம்பது விழுக்காடு என்று அவரிடம் கூறப்பட்டது. புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்டச் செயற்கைக் காலுடன் 5,373 கிலோமீட்டர் ஓடிய அவரை 1980 செப்டம்பரில் நுரையீரல் பரவல் நிறுத்தியது. அடுத்த ஆண்டு ஜூனில் இறந்தார்.

பிழைக்கும் வாய்ப்பில் கண்ட இந்த முன்னேற்றம் மருந்தால் வந்ததா என்ற ஐயமும் எழுந்தது. நோயின் போக்கே மாறிவிட்டது என்று சிலர் வாதிட்டனர். 1982 முதல் 1984 வரை அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அறுவைக்குப் பின் 36 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். இரண்டாண்டு முடிவில் நோய் திரும்பாதிருந்தோர், கீமோதெரபி பெற்றவர்களில் 66 விழுக்காடு. பெறாதவர்களில் 17 விழுக்காடு. இத்தனை சிறிய ஆய்வு இத்தனை தெளிவாகத் தீர்ப்பளிப்பது அரிது.

அதன்பின் ஏற்றம் நின்றது. கண்டறியும்போது பரவல் இல்லாதவர்களில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காட்டினரும், பரவியவர்களில் 20 முதல் 30 விழுக்காட்டினரும் ஐந்தாண்டுகள் வாழ்கின்றனர். 1980களுக்குப் பின் இவ்வெண்கள் பெரிதாக நகரவில்லை. இரண்டையும் கலந்து தரும் சராசரி எந்த நோயாளிக்கும் பொருந்தாது.

அறுவைக்கு முன்பே கீமோ தரும் முறை ஒரு புதிய அளவுகோலைத் தந்தது: அகற்றிய கட்டியில் 90 விழுக்காட்டுக்கு மேல் செல்கள் மடிந்திருந்தால் நோயாளி பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அப்படியானால் குறைவாக மடிந்தவர்களுக்கு மருந்தைக் கூட்டலாமே என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. 2,260 நோயாளிகள் பதிவு செய்யப்பட்ட யூராமாஸ்-1 ஆய்வு இதைச் சோதித்தது. அத்தகையவர்களுக்கு ஐஃபாஸ்ஃபமைடும் எட்டோபோசைடும் சேர்த்தும் பயனில்லை. நச்சு விளைவுகள்தான் கூடின. மடிவு விகிதம் கட்டியின் இயல்பைச் சொல்லும் குறி மட்டுமே; பிடித்துத் திருப்பக்கூடிய கைப்பிடி அன்று.

ஒப்பிட, செரிமானப் பாதையின் இணைப்புத் திசுக்கட்டியான ஜிஸ்ட்டில் நிலைமை வேறு. அதில் பெரும்பாலும் கிட் என்ற ஒரே மரபணுவின் பிறழ்வு நோயைச் செலுத்துவதால், இமாடினிப் மாத்திரை பரவிய நிலையிலும் வாழ்நாளைப் பல ஆண்டுகள் நீட்டியது. ஆஸ்டியோசார்கோமாவிலோ குரோமோசோம்கள் சிதறிக் கலைந்திருக்கின்றன. எல்லாருக்கும் பொதுவான ஒற்றை இலக்கு இல்லை. எனவே பழைய மருந்துகளின் அளவைக் கூட்டுவதால் விகிதம் ஏறும் என்று எதிர்பார்க்க இடமில்லை. மெத்தோட்ரெக்சேட், டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் என்ற மூன்றுமே இளையோருக்கான வழக்கமான சிகிச்சையாக இன்றும் தொடர்கின்றன.