இறங்கும் பாஸ்பேட்டேஸ் எதற்குச் சான்று? உர்சோ குறித்த 2009 ஆய்வு: ஒரு மறுவாசிப்பு

பெருங்குடல் புண்ணழற்சி உள்ளவர்களுக்குப் பித்தநாளங்கள் அழற்சியால் தழும்பேறிக் குறுகும்போது உர்சோடியாக்சிகோலிக் அமிலம் (உர்சோ) தரலாமா என்ற விவாதத்தில் அண்மையில் ஒரு சமரசம் வேரூன்றிவருகிறது. மிகை அளவுதான் கேடு. நடுத்தர அளவில் கொடுத்துப் பார்த்து, இரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் நொதி இறங்கினால் மருந்து பலிக்கிறது என்று கொள்ளலாம் என்பதே அது. இதற்கு 2009-இல் வெளியான ஆய்வையே துணைக்கு அழைக்கிறார்கள். அந்த ஆய்வு இப்படியொரு வாசிப்புக்கு இடம் தருவதாக எனக்குப் படவில்லை.

அந்த ஆய்வில் கீத் லிண்டார் குழுவினர் 150 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 28 முதல் 30 மி.கி. வரை உர்சோவும், மறு பிரிவினருக்குப் போலி மாத்திரையும் கொடுத்தனர். அறுபது கிலோ எடையுள்ளவர் 300 மி.கி. மாத்திரை ஆறு விழுங்கும் அளவு இது. ஆறாண்டுக்குப் பின் ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. இறப்பு, கல்லீரல் மாற்று, சிரோசிஸ், பித்தநாளப் புற்று முதலிய விளைவுகளில் ஒன்றை எட்டியவர்கள் உர்சோ பிரிவில் 39 விழுக்காடு, மறு பிரிவில் 26. தொடக்கநிலை வேறுபாடுகளைச் சரிக்கட்டிய பின்னும் ஆபத்து 2.3 மடங்கு. ஆகவே, உர்சோ பிரிவில் முற்றிய நோயாளிகள் கூடுதலாக இருந்தனர் என்ற மறுப்பில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை.

எல்லோரும் எடுத்துக்காட்டுவது இந்த எண்களைத்தான். அதிகம் பேசப்படாத முடிவு வேறு: பாஸ்பேட்டேஸ் உர்சோ பிரிவில்தான் கூடுதலாக இறங்கியது, அந்த இறக்கம் விளைவுகளைக் குறைக்கவில்லை. பரிசோதனைத் தாள் தேறிக்கொண்டிருக்க, நோயாளி சரிந்துகொண்டிருந்தார். அளவைப் பாதியாக்கினால் நஞ்சு குறையலாம். அதே தாள் திடீரென நம்பத்தக்கதாகிவிடுமா? நடுத்தர அளவுக்கு ஆதரவான சான்றில் பெரும்பகுதி அந்தத் தாளில்தான் இருக்கிறது. கிலோவுக்கு 17 முதல் 23 மி.கி. வரை கொடுத்து, 219 பேரை ஐந்தாண்டு பின்தொடர்ந்த ஸ்காண்டிநேவிய ஆய்வு (2005) உயிர்காப்பில் உறுதியான பயன் எதையும் காட்டவில்லை. திட்டமிட்டதைவிடக் குறைவானவர்களே அதில் சேர்ந்தனர் என்பது உண்மை. அதனால் முடிவு திறந்திருக்கிறது எனலாம், சாதகமானது எனல் ஆகாது.

பாஸ்பேட்டேஸ் இறங்கியவர்கள் நெடுநாள் வாழ்கிறார்களே என்பர். வாழ்கிறார்கள். ஆனால் அந்த ஸ்காண்டிநேவிய நோயாளிகளை மீண்டும் ஆராய்ந்தபோது, போலி மாத்திரை பெற்றவர்களிடமும் இதே தொடர்பு தெரிந்தது. நோயின் போக்கை முன்னறிவிக்கும் குறி, மருந்தின் பலனை அளக்கும் குறியாகத் தானே மாறிவிடாது. மருந்தை நிறுத்தினால் பாஸ்பேட்டேஸ் ஏறுகிறது என்ற வாதமும் அதே குறியையே மறுபடி நீட்டுகிறது.

குடலின் கதை இன்னும் சிக்கலானது. உர்சோ பெருங்குடல் புற்றைத் தடுக்கும் என்ற நம்பிக்கைக்கு 2003-இல் 52 பேரிடம் செய்த ஆய்வு அடிகோலியது. 2009 ஆய்வில் புண்ணழற்சியும் இருந்த 56 பேரைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, மறு பிரிவைவிட உர்சோ பிரிவில்தான் கூடுதலானவர்களுக்குப் புற்றோ அதன் முன்னிலை மாற்றமோ தோன்றியிருந்தது. உறிஞ்சப்படாத மருந்தைக் குடல் நுண்ணுயிர்கள் நச்சுத்தன்மையுள்ள லித்தோகோலிக் அமிலமாக்குவது காரணமாகலாம், உறுதியாகச் சொல்வதற்கில்லை. எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் நம்பிக்கையூட்டிய ஆய்வும் அவ்வளவே சிறிது. இவ்விரு நோயும் உள்ளவர்களுடைய குடலழற்சி பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். இரத்தப்போக்கு இல்லை என்பதாலோ, உர்சோ காக்கிறது என்ற எண்ணத்தாலோ ஆண்டுதோறும் செய்யவேண்டிய கொலோனோஸ்கோப்பியைத் தள்ளிப்போட 2009 ஆய்வில் எந்த நியாயமும் இல்லை.