முகம் அதைத்த பிள்ளைகள்

சிறுநீரகம் என்னும் சொல் பள்ளிப் புத்தகத்தின் வழியே பரவியது. நம் பாட்டிமார் குண்டிக்காய் என்றே வழங்கினர். ஆயினும் அதன் நோயை அவர்கள் பிள்ளையின் முகத்திலேதான் கண்டனர். விடியற்காலையில் கண்ணிமை அதைத்திருக்கும்; நீர் குறைந்து, பால் விடாத தேநீர் நிறத்தில் இறங்கும். சித்த மருத்துவர் நீரின் நிறம் முதலியவற்றை நோக்குதலை நீர்க்குறி என்றும், அதில் எண்ணெய்த் துளி விட்டு நோக்குதலை நெய்க்குறி என்றும் வகுத்தனர். தேரையர் பெயரோடு இம்முறையைச் சேர்த்துக் கூறுவர்.

மேல்நாட்டிலும் அறிகுறியே முந்தியது. சிகிச்சை வெகுவாகப் பிந்தியது. லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சார்ந்த ரிச்சர்டு பிரைட் என்பார் 1827இல் தம் ஆய்வை வெளியிட்டார். உடல் வீங்கிய நோயாளியின் நீரைக் கரண்டியிலிட்டு மெழுகுவர்த்திச் சுடரில் காய்ச்சினால் அது வெண்கரு போல் திரையும். இறந்தோரின் உடலை அறுத்து நோக்கியபோது சிறுநீரகம் பழுதுற்றிருந்தது. கரண்டியும் மெழுகுவர்த்தியும் எவ்வீட்டிலும் உண்டன்றோ!

சிறுவர்க்கு இத்தகைய வீக்கம் வரும் வழிகளுள் ஒன்றை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டையிலோ தோலிலோ புண் உண்டாகிறது. தொண்டைப் புண்ணாயின் ஒன்றிரண்டு வாரமும், தோற்புண்ணாயின் அதனினும் சற்றுக் கூடுதலான நாளும் கழித்தே சிறுநீரகம் தாக்குறும். புண் ஆறி வீட்டார் மறந்தபின் முகம் வீங்குவதால் இரண்டையும் இணைத்துப் பார்ப்பார் அரியர். உப்பையும் நீரையும் அளவோடு கொடுத்து, இரத்த அழுத்தத்தை அடக்கினால் பெரும்பாலான பிள்ளைகள் தேறுவர். ஆனால் அழுத்தம் மிக ஏறினால் வலிப்பு வரும். அதைக் காற்றுச் சேட்டை என்று மந்திரிக்கக் கொண்டுபோனால் பொழுது போய்விடும். நீர் அறவே நின்றாலோ இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நிற்கக்கூடும்.

இந்த இறுதிக் கட்டத்துக்கு நெடுங்காலம் மருந்தில்லை. ஹாலந்தில் 1943இல் வில்லெம் கோல்ஃப் செலோஃபன் குழாயால் செயற்கைச் சிறுநீரகம் சமைத்தார். அதனால் முதலில் ஒருவர் பிழைத்தது 1945இலேதான். சிங்கப்பூரில் டாக்டர் கூ ஊன் டெய்க் 1961இல் இரத்தச் சுத்திகரிப்பைத் தொடங்கினார். 1969இல் தேசிய சிறுநீரக அறநிறுவனம் தோன்றிற்று. 1970 ஜூலை 8இல் முதல் சிறுநீரக மாற்று அறுவை நடந்தது.

இவ்வரலாற்றில் சிராங்கூனுக்கும் இடமுண்டு. சிராங்கூன் சாலையில் டான் டொக் செங் மருத்துவமனை இருந்த மனையில், அது 1909இல் இடம் பெயர்ந்த பின், 1910இல் குவோங் வாய் சியூ மருத்துவமனை எழுந்தது. அங்கேதான் 1982இல் அறநிறுவனத்தின் முதல் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. சற்றுத் தொலைவிலுள்ள கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையின் பெயரோ, மலாய் மொழியில் எருமைத் தொழுவம் எனப் பொருள்படும். சிராங்கூனில் மாட்டு வாணிபம் தழைத்த நாளின் நினைவு அது. 1924இல் மகப்பேற்று மருத்துவமனையான அவ்விடத்தில் 1966இல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. 1997இல் அது புதிய கட்டடத்தில் மகளிர், சிறார் மருத்துவமனையாக விரிந்தது.

முகம் வீங்கிய பிள்ளைக்கு இன்று செய்யும் முதற்சோதனைகள் எளியவை. நீரில் ஒரு தாட்கீற்றைத் தோய்த்து நிறமாற்றம் பார்ப்பர். கையில் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் அளப்பர். பட்டை பிள்ளையின் கைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பெரியவர் பட்டையைச் சுற்றினால் அளவு குறைவாகக் காட்டும். ஏறிய அழுத்தம் கண்ணுக்குத் தப்பிவிடும்.